இரண்டு அறை கட்டினேன், மூன்று அறைக்குச் சீல் வைத்திருக்கிறீர்கள்

அனுப்புநர்:
பெஹ்ராத் தாலேஷ்பூர் (வயது 29),
எரிவாயுக் குழாய்ப் பொறியாளர்,
கால்வாய்த் தெரு, கலாரூத், கீலான் மாகாணம்.

பெறுநர்:
கட்டடப் பயன்பாட்டுக் கண்காணிப்பு அதிகாரி அவர்கள்,
நகராட்சி அலுவலகம், கலாரூத்.

பொருள்: பழைய அரிசிக் கிடங்கு எண் 7-க்கு வைத்த சீலை அகற்றி, உள்ளே இருக்கும் என் அக்கா கோல்நாரை வெளியே கொண்டுவரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் ஆய்வறிக்கை, ஆஸர் மாதம் 9. 2. சீல் வைப்புக் குறிப்பு, ஆஸர் 10.

மதிப்பிற்குரிய ஐயா,

இதே விஷயமாக மூன்று முறை நேரில் வந்தேன். மூன்று முறையும் "எழுதிக் குடுங்க" என்றார்கள். எழுதிவிட்டேன். தயவுசெய்து முழுவதும் படிக்கவும்.

1. என் அக்கா கோல்நார் தாலேஷ்பூர் கலைஞர். வீட்டு வேலையையே கலையாகச் செய்பவர். கழுவிய தட்டு, மடித்த துணி, துடைத்த தரை என்று ஒரு பெண்ணின் நாள் எங்கே போய்ச் சேருகிறது என்பதே பல வருடங்களாக அவர் கேட்டுவரும் கேள்வி. எங்கள் அம்மா சென்ற பஹ்மன் மாதம் இறந்தார். வசந்தத்தில் வீட்டை அடுக்குமாடிக்காக இடித்தார்கள். அதற்கு முன்பே அக்கா கதவு, ஜன்னல், சமையல் மேடை, திரைச்சீலை எல்லாவற்றையும் கழற்றி எடுத்து, மேற்படி கிடங்குக்குள் அந்த வீட்டை அதே அளவில் மறுபடி நிறுத்தினார். இது கண்காட்சி. அனுமதிக் கடிதம் இணைப்பில் உள்ளது. தினமும் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை அக்கா அதற்குள் குடித்தனம் நடத்துவார், மக்கள் வந்து பார்ப்பார்கள்.

2. கட்டியது நான். ஆகவே உறுதியாகச் சொல்கிறேன்: அடுக்களை ஒன்று, கூடம் ஒன்று. இரண்டே அறை. அம்மா இறந்த படுக்கையறையைக் கட்டவில்லை. "அது மட்டும் வேணாம்டா. அந்த ரூமைக் கட்டினா நான் அதுலயே உக்காந்துருவேன்" என்று அக்காதான் தடுத்தார். அதன் கதவை மட்டும் கூடத்தின் கோடியில், கிடங்குச் சுவரோடு எட்டுத் திருகாணி போட்டு முடுக்கினேன். கதவுக்குப் பின்னால் முப்பத்தைந்து சென்டிமீட்டர் செங்கல். அதற்கு அப்பால் கால்வாய். எரிவாயு இணைப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது. அடுப்பும் குழாயும் பார்வைக்கு மட்டும். விளக்குகளுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தேன்.

3. வணிக இடத்தில் யாரோ குடியிருப்பதாக வந்த புகாரின் பேரில், தங்கள் ஆய்வாளர் திரு. யாகூப் நெஸ்ஹத் ஓர் உதவியாளருடன் ஆஸர் 9 அன்று வந்தார். அவருடைய அறிக்கை: "காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றோம். அமரச் சொன்னார்கள். சூடான தேநீரும் வெள்ளரிக்காயும் தரப்பட்டன. மூன்று அறைகள் உள்ளன. இது குடியிருப்பே." வீடு என்று அவர் நம்பியதைக் குறை சொல்ல மாட்டேன். கண்காட்சி பார்க்க வந்தவர்களும் கம்பளத்தைக் கண்டதும் யாரும் சொல்லாமலே காலணியைக் கழற்றினார்கள். என் கேள்வி வேறு. அந்தத் தேநீர் எந்த நெருப்பில் கொதித்தது?

4. அறிக்கையில் மூன்றாம் அறைக்கு வரைபடமே இருக்கிறது. மூன்றுக்கு நான்கு மீட்டர், கிழக்கே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே நாரத்தை மரம். புகைபோக்கிக்காக ஒரு மூலையை வெட்டிய பதினைந்து சென்டிமீட்டர் உட்பட, இடித்துத் தள்ளிய அம்மாவின் அறை அப்படியே. திரு. நெஸ்ஹத்தை நேரில் கேட்டேன். சிரித்தார். "என்ன இன்ஜினியர் தம்பி, கட்டின ஆளுக்கே ரூம் எத்தனைன்னு தெரியலையா? கடைசி ரூம்ல வயசான அம்மா ஒருத்தங்க படுத்திருந்தாங்க. 'இப்பத்தான் கண்ணசந்தாங்க, மெதுவாப் பேசுங்க'ன்னு உங்க அக்கா எங்களையே அதட்டுனாங்க. பூனை மாதிரி வெளிய வந்தோம், போங்க." கைபேசியில் அம்மாவின் படத்தைக் காட்டினேன். "இவங்களேதான். இப்ப உடம்பு எப்படி இருக்கு?" என்றார்.

5. மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சீல் வைத்தார்கள். கண்காட்சி பத்து மணிக்கு என்றாலும் அக்கா எப்போதும் ஒன்பதுக்கு முன்பே வந்துவிடுவார். குறிப்பு இப்படிச் சொல்கிறது: "மூன்று முறை அழைத்தும் பதில் இல்லை. ஆளில்லை எனக் கருதப்பட்டது. வாசலில் இருந்த பொருட்கள்: பெண்கள் காலணி, இரண்டு ஜோடி." ஐயா, வாசலில் காலணி கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று நம் ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். தங்கள் ஆய்வாளர் அதை எண்ணினார், எழுதினார், பூட்டிச் சீல் வைத்தார். பழுப்பு ஜோடி என் அக்காவுடையது. மற்றது கறுப்பு, இடது குதிகால் தேய்ந்தது. அது யாருடையது என்று இந்த மனுவில் நான் எழுதப் போவதில்லை. அன்றிலிருந்து அக்காவை யாரும் பார்க்கவில்லை. காவல் நிலையத்தில் "கல்யாணம் பேசுனீங்களா? கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பாங்க" என்கிறார்கள்.

6. பேய் பிசாசு என்று எழுத நான் வரவில்லை. அளந்ததை எழுதுகிறேன். கால்வாய்ப் பக்கச் சுவரின் வெப்பம் வெளியே எட்டு டிகிரி. அதே சுவரில் மூன்று மீட்டர் அகலத்துக்கு மட்டும் இருபத்து நான்கு டிகிரி. ஆஸர் 12 அன்று கிடங்கின் மின்சாரத்தைத் துண்டித்தேன். ஷட்டருக்கு அடியில் வெளிச்சம் இன்னும் வருகிறது. பக்கத்தில் மோட்டார் பம்பு பழுதுபார்க்கும் ஸஃபர் அலியை விசாரித்துக்கொள்ளலாம். "மத்தியானமானா பூண்டு வதக்குற வாசனை தம்பி, மனுசனை வேலை செய்ய விடுதா? உங்க அக்கா சமையலை நான் சாப்பிட்டிருக்கேன், சுமார்தான். இது அவங்க கை இல்ல" என்றார்.

ஆஸர் 13 அன்று ஷட்டரைத் தட்டி அக்காவைக் கூப்பிட்டேன். "மெதுவாடா, தூங்குறாங்க" என்று பதில் வந்தது, தகட்டுக்கு மிக அருகில். 15 அன்றும் அதே பதில், கூடத்துக்குள்ளிருந்து. நேற்றும் வந்தது. ஷட்டரிலிருந்து பின்சுவர் வரை கிடங்கு மொத்தம் ஒன்பது மீட்டர். குரல் அதைவிடத் தொலைவில் இருந்தது.

7. சீலை உடைப்பது குற்றம் என்று தெரியும். அந்தப் பூட்டை அறுக்க எனக்கு நான்கு நிமிடம் போதும். இருந்தும் சட்டப்படி கேட்டுக்கொண்டு நிற்கிறேன். உள்ளே தண்ணீர் இல்லை. ஒன்பது நாள் ஆகிறது.

ஆகவே நாளைக் காலைக்குள், தீயணைப்பு வீரர்களையும் மருத்துவரையும் வைத்துக்கொண்டு, என் முன்னிலையில் கிடங்கைத் திறக்க உத்தரவிடுங்கள். கோடியில் இருக்கும் கதவை நானே திறக்கிறேன். பின்னால் செங்கல்தான் இருக்கிறது என்றால், தங்கள் அலுவலகத்தின் மீது எனக்கு வேறு புகார் இல்லை. அறை இருந்தால், அவர்கள் வெளியே வரும்வரை யாரும் அந்தச் சுவரில் கை வைக்க வேண்டாம். இருவரில் ஒருவரைத்தான் வெளியே கொண்டுவர முடியும் என்ற நிலை வந்தால், என் அக்காவைக் கொண்டுவாருங்கள். அம்மாவுக்கு நாங்கள் நாற்பதாம் நாள் செய்து முடித்துவிட்டோம்.

இடம்: கலாரூத்
நாள்: ஆஸர் 19, சூரிய ஹிஜ்ரி 1403

இப்படிக்கு,
உத்தரவுக்காகக் கிடங்கு வாசலில் காத்திருக்கும்,
(ஒப்பம்)
பெஹ்ராத் தாலேஷ்பூர்

இணைப்பு: கண்காட்சி அனுமதிக் கடிதம், நான் கட்டிய இரண்டு அறைகளின் வரைபடம், அம்மாவின் இறப்புச் சான்றிதழ்.