ஜெனீற்றா கேட்ட இருக்கை

11 பெப்ரவரி 2024, ஞாயிறு

ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணத்து ஜெபச் சபைக்குப் போகும் வான் வண்டியில் பதினான்கு இருக்கைகள். பெயர்ப்பட்டியல் எழுதுவது நான். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் தராதவருக்கு இடமில்லை என்ற சட்டமும் நான் போட்டதுதான்.

இன்று சந்தியில் ஜெனீற்றா கை காட்டி வானை மறித்தாள். என் பழைய கத்தோலிக்கக் கோயிலின் பாடகர் குழுத் தலைவி. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க யாழ்ப்பாணம் போகிறாள். இந்தக் கிழமை ஞாயிறு முறையாம். பஸ்ஸைக் காணவில்லை.

"அன்ரனிட்டா, ஒரு இடம் கிடைக்குமே?"

"பேர் குடுத்தனீரே?" என்று கேட்டேன். வேலணையில் இரண்டு பேர் ஏற இருந்தார்கள், இடமில்லை என்றேன்.

வேலணையில் ஒருவரும் ஏறவில்லை. இரண்டு இருக்கையும் யாழ்ப்பாணம் வரை வெறுமையாகப் போயின.

சபையில் ஏசி நல்ல குளிர். பாட்டு அருமை. பிரசங்கத்துக்கு வழக்கம்போல் புள்ளி போட்டேன்: பத்துக்கு எட்டு. எதைப் பற்றிய பிரசங்கம் என்று இப்போது யோசிக்கிறேன், நினைவுக்கு வரவில்லை.

12 பெப்ரவரி

சட்டம் சட்டம்தான். அப்படியென்றால் நான் படிப்பிக்கும் வகுப்பில் மூன்று பிள்ளைகளை ஏன் காரணமில்லாமல் ஏசினேன்?

14 பெப்ரவரி, விபூதிப் புதன்

ஜெனீற்றா வீட்டுக்குப் போனேன். மூன்று வருடத்துக்குப் பிறகு.

"மன்னிப்புக் கேக்க வந்தனீரோ?"

"ஓம்."

"அப்ப கதிரையில இருந்து கேளும். அண்ணாந்து பாக்க எனக்குக் கழுத்து நோகுது."

இருந்து கேட்டேன். அவள் சிரிக்கவில்லை, "சரி" என்று மட்டும் சொன்னாள். தனக்கு இனி அதிக நாள் இல்லை என்று அவளே சொன்னாள், மழை வரும் என்று சொல்வதைப்போல. கணவர் பஸ்ரியாம்பிள்ளை சிறுநீரகம் கொடுக்க ஆயத்தம், இரத்தம் பொருந்தவில்லை. தங்கைக்குப் பயம். "எங்களுக்கு ஓ வகை இரத்தக்காரர்தான் வேணும்" என்றார் அவர்.

என்னுடையது ஓ. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் ஏன் அந்தக் கோயிலை விட்டேன்? "உம்மடை குரல் மற்றவையை மூடுது" என்று ஜெனீற்றா சொன்னாள். அதோடு மின்விசிறி சுற்றவில்லை, பாதரின் பிரசங்கம் நீளம். கத்தரிக்காய் வாடல் என்று அடுத்த கடைக்குப் போவதைப்போலப் போனேன். போனதற்காக வருந்தவில்லை, அங்கேயும் கடவுள் இருக்கிறார். ஆனால் நான் போனது கடவுளுக்காக இல்லை.

3 மார்ச்

கொடுக்கிறேன் என்று ஜெனீற்றாவிடம் சொல்லிவிட்டேன். சோதனைகள் தொடங்குகின்றன.

தம்பி சுதன் லண்டனிலிருந்து கத்துகிறான். "அக்கா, உங்களுக்கு விசரே? உங்கட குரலைப் பழிச்ச மனுசியெல்லோ!"

"குரலைத்தானே பழிச்சவ. கிட்னியை ஒண்டும் சொல்லேல்லை."

"பகிடி விடாதேங்கோ. இதால உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

என்ன கிடைக்கும். மூன்று வருடமாக நானும் கேட்ட கேள்வி அதுதான், அவனை எப்படி ஏசுவது? பூசையில் பாதர் அப்பத்தைத் தூக்கிப் பிடித்து, உங்களுக்காகக் கொடுக்கப்படும் உடல் என்பார். சின்ன வயதிலிருந்து வரிசையில் நின்று வாங்கியிருக்கிறேன். வாங்குவதோடு என் வேலை முடிந்தது என்றுதான் இருந்தேன்.

22 ஏப்ரல்

பொருந்துகிறது. எனக்கு முதலே தெரியும்.

9 ஜூன், ஞாயிறு

வானில் எனக்குப் பக்கத்தில் இருப்பவர் இராசமணி அக்கா. சபையின் மூத்த விசுவாசி. விசயம் அவர் காதுக்கும் போய்விட்டது. கையைப் பிடித்து அழுதார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளை, ஒப்பரேசனுக்கு முதல் ஒரு சாட்சி வீடியோ எடுப்பம். ஆயிரம் பேர் பாப்பினம். நல்ல வெளிச்சத்தில எடுக்கலாம்" என்றார்.

"வேண்டாம் அக்கா."

"கர்த்தருக்கு மகிமைதானே?"

"ஜெனீற்றாவுக்குக் கூச்சமாயிருக்கும். அவ விளம்பரத்துக்குப் படுக்கேல்லை."

அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம். நல்ல மனுசி, எனக்குக் கோபமில்லை. பட்டியல் கொப்பியை அவரிடமே கொடுத்தேன். முதல் பக்கத்தில் இருந்த சட்டத்தை மட்டும் வெட்டிவிட்டேன்.

20 ஜூலை

கண்டி. சிறுநீரகம் கொடுக்க அனுமதி தரும் ஆஸ்பத்திரிக் குழுவில் ஐந்து பேர். யாராவது வற்புறுத்தினார்களா, ஏதாவது தருவதாகச் சொன்னார்களா என்று பல மாதிரியாகக் கேட்டார்கள். கேட்கத்தான் வேண்டும்.

கடைசியாக ஒரு டொக்டர்: "சொந்தமில்லை. சிநேகிதியும் இல்லை என்கிறீர்கள். பிறகு ஏன்?"

வேதவசனம் சொல்லலாம் என்று ஆயத்தப்படுத்திக்கொண்டுதான் போனேன். வாயில் வந்தது வேறு.

"சேர், அவ என்னட்டை ஒரு சீற்று கேட்டவ. இருந்தும் குடுக்கேல்லை. இது அதைவிடப் பெரிசு, ஆனா இதைக் குடுக்க எனக்கு ஏலும்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

2 ஒக்ரோபர்

நாளைக்கு. பயமாக் கிடக்கு — ஓம், பயம்தான். இப்பவும் மாட்டன் எண்டு சொல்லலாமாம், நேர்ஸ் வந்து சொல்லிப்போட்டுப் போறா. சொல்லமாட்டன்.

4 ஒக்ரோபர்

இடப்பக்கம் நெருப்பாக எரிகிறது. ஜெனீற்றாவை வேறு வார்டில் வைத்திருக்கிறார்கள், பார்க்க விடவில்லை.

பத்து மணிபோல் பஸ்ரியாம்பிள்ளை ஓடி வந்தார். செருப்பைக் காணவில்லை. வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "தங்கச்சி! அவ மூத்திரம் போறா! பை நிறைஞ்சு மாத்தினவை!"

இரண்டு வருடமாக ஒரு சொட்டும் போகாதவள்.

எல்லாக் கட்டில்களிலிருந்தும் தலைகள் திரும்பின. அவர் அழுகிறார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் காயம் இழுத்தது. தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ அண்ணை" என்றேன்.