கண்ணாடியோடு போய்விட்ட மச்சான்

மச்சான்,

சட்டத்தின் பின்னட்டையைக் கழற்றியதும் பழைய மைதாப் பசையின் புளித்த வாசனை மூக்கில் ஏறியது. கரையான் மண்ணைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, போட்டோவைக் கண்ணாடியிலிருந்து மெல்ல மெல்லப் பிரித்தேன். அக்கா வந்தாள். காது குத்திய ஆசாரி வந்தார். என் மடியில் வாயைப் பிளந்து அழும் குழந்தை கலா வந்தாள். தலை நிறையக் கறுத்த முடியோடு நானும் வந்தேன். நீங்கள் மட்டும் வரவில்லை. தனியாகக் கழன்று கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். சிரிக்காதீர்கள்.

போன மழையில் ஓடு விலகி ஒழுகியதில் உங்கள் திருமயம் வீட்டுச் சுவரில் நனைந்துபோன படம் அது. உங்கள் மகள் கலா அதைத் துண்டில் சுற்றி, பச்சைப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் பஸ்ஸில் கொண்டுவந்து புதுக்கோட்டையில் என் கடையில் கொடுத்துவிட்டுப் போனாள். பெயருக்குத்தான் ஜெராக்ஸ் கடை. இப்போதெல்லாம் பழைய படங்களை ஸ்கேன் செய்து சரிபண்ணிக் கொடுக்கும் வேலைதான் எனக்கு அதிகம். நீங்கள் குவைத்தை முடித்துக்கொண்டு ஊரோடு வந்த பிறகு, வாரத்துக்கு இரண்டு நாள் வாசலில் கிடக்கும் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தபடி கம்ப்யூட்டரை எட்டிப் பார்ப்பீர்களே! "மாப்ள, அந்தச் சுருக்கத்தை அழிச்சுராத. பாடுபட்டுச் சம்பாதிச்ச சுருக்கம்" என்பீர்கள். டீ தீர்வதற்குள் புத்தி மாறிவிடும். "என் படம் வந்தா மட்டும் நெத்தியில நாலு முடிய நட்டுவிட்ரு" என்பீர்கள். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. நாற்காலியை நான் இன்னும் உள்ளே எடுத்துப் போடவில்லை.

"பயலுக்கு அடுத்த மாசம் காது குத்துறோம் மாமா. அதுக்குள்ள இது பளிச்சுன்னு வேணும்" என்றாள் கலா.

மகன் காதுகுத்துக்கு அம்மாவின் காதுகுத்துப் படம் எதற்கு என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவள் புருஷனுக்குக் கத்தாரில் லீவு கிடைக்கவில்லை. பத்து நாளாக அவரோடு பேச்சு கிடையாது.

"எங்கப்பா குவைத்துல இருந்து வந்து என் காதுகுத்துல நின்னாரு. அப்ப வீட்டுல ஒரு போன்கூடக் கெடையாது. இவருக்கு மட்டும் லீவு இல்லையாம். மனசு இருந்தா வரலாம் மாமா. இந்தப் படத்த அனுப்பப் போறேன். பாத்துட்டுப் பதில் சொல்லட்டும். வரலேன்னா அப்புறம் எப்பவுமே வர வேணாம்னு சொல்லிட்டேன்."

குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் நீங்கள் வரவில்லை. கூட்டத்தில் நின்றவர்கள் அதை எப்போதோ மறந்துவிட்டார்கள்; உங்களுக்கும் எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

அந்த வைகாசியில் உங்களுக்கும் லீவு கிடைக்கவில்லை. காதுகுத்து முடிந்து இரண்டு மாதம் கழித்து உங்களிடமிருந்து ஒரு கடிதமும் அதற்குள் ஒரு போட்டோவும் வந்தன. "என்னையும் பிள்ளையோடு சேர்த்துவிடு மாப்ள" என்று எழுதியிருந்தீர்கள். கீழராஜ வீதியில் இருந்த ஒரு ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போனேன். அந்த மனிதர் உங்களைக் கத்தரித்து, கூட்டத்தின் கடைசியில், வேப்பமரத்தை ஒட்டி இருந்த காலி இடத்தில் ஒட்டினார். ஒட்டியதை மறுபடியும் படமெடுத்துப் பிரிண்ட் போட்டால்தான் ஒட்டு தெரியாது, நாலு நாள் ஆகும் என்றார். எனக்குத்தான் எப்போதும் அவசரமாயிற்றே, அப்படியே சட்டம் போடச் சொல்லிவிட்டேன். பென்சிலால் ஓரத்தைத் தீற்றிக் கொடுத்தார். ஊரே வெயிலில் வெந்து நிற்க, நீங்கள் மட்டும் முந்தின மார்கழியில் குவைத்துக் குளிருக்குப் போட்ட சுவெட்டரோடு, எல்லாரையும்விட ஒரு சாண் உயரமாக நின்றீர்கள்!

ஆனால் பொய் அப்போது தொடங்கவில்லை. கலாவுக்கு நாலு வயதிருக்கும். லீவில் வந்த உங்கள் தோளில் உட்கார்ந்துகொண்டு படத்தைக் காட்டி, "நீ எங்க இருக்கே?" என்று கேட்டாள். வந்து மூன்று நாளாகியும் அன்றைக்குத்தான் அவள் உங்களிடம் ஒட்டியிருந்தாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு, "இந்தா பாரு, இங்கனதான் நிக்கிறேன்" என்றீர்கள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு யாருக்கு வாய் வரும்? அதன் பின் உங்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. நான் கடிதத்தில் எழுதியதையெல்லாம் கண்ணால் பார்த்ததுபோல் சொல்ல ஆரம்பித்தீர்கள். கலா ஆசாரியின் விரலைக் கடித்தாள் என்று எழுதியிருந்தேன். உங்கள் கதையில் அது உங்கள் விரலாகிவிட்டது. தழும்பு வேறு காட்டுவீர்கள். கூசாமல் புளுகினீர்கள் மச்சான்!

இரண்டு துண்டுகளையும் தனித்தனியாக ஸ்கேன் செய்தேன். கரையான் தின்ற ஓட்டைகளை நிரப்பினேன். உங்களைப் பழைய இடத்திலேயே வைத்து, ஓரக்கோடு தெரியாமல் இழைத்தேன். அன்றைக்கு அந்த ஸ்டுடியோக்காரர் பாடுபட்டும் வராதது இன்று அரைமணி நேரத்தில் வந்துவிட்டது. யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அதைக் கலாவுக்கு அனுப்ப விரல் வரவில்லை. உங்கள் மானத்தைக் காப்பாற்றினால் அங்கே உங்கள் மருமகன் மாட்டிக்கொள்வார். அவரைக் காப்பாற்றினால் செத்துப்போன மனுஷனைக் காட்டிக்கொடுத்த பாவி ஆவேன். அக்காவுக்குப் போன் போட்டேன். "ஒட்டுனவன் நீதானே, நீயே பாத்துக்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்டா" என்று வைத்துவிட்டாள்.

கலா வந்த அன்று, ஒட்டாத இரண்டு துண்டுகளையும் ஸ்கிரீனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

"அப்பாவ ஏன் மாமா தனியா வச்சிருக்கீங்க?"

"அவரு தனியாத்தாம்மா இருந்தாரு. அன்னிக்கு வரல. குவைத்துல இருந்தாரு. பெறகு நான்தான் ஒட்ட வச்சேன்."

ஆதார் ஜெராக்ஸ் கேட்டு வந்தவரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன்.

"இத்தன வருசமும் பொய்யா சொன்னாரு?"

"ஆமா."

"நீங்களும்? அம்மாவும்?"

நான் தலையைச் சொறிந்தேன். வசவுக்குத் தயாராக இருந்தேன். ஆனால் அவள் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் போய் உங்களை உற்றுப் பார்த்தாள்.

"வைகாசி வெயில்ல சுவெட்டரு! வெளிநாட்டுல இருந்து வந்தவுக அப்படித்தான் உடுத்துவாகன்னு நெனச்சேன் மாமா, எத்தன லூசு நான்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள். நானும் அழுதேன். பிறகு கேட்டாள்:

"அப்ப நான் கத்திக்கிட்டிருந்த நேரத்துல அப்பா என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாரு?"

அதற்கு மட்டும் என்னிடம் உண்மையான பதில் இருந்தது. எத்தனை மணிக்குக் குத்துவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு எழுதியிருந்தீர்கள். ஏழரை என்று எழுதினேன். போட்டோவோடு வந்த கடிதத்தில் இருந்ததை அப்படியே அவளிடம் சொன்னேன். இங்கே ஏழரை என்றால் அங்கே ஐந்து மணி. நீங்கள் நாலு மணிக்கே எழுந்து தலைக்குக் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். கூட இருந்தவர்கள் பைத்தியம் என்றார்கள். ஐந்தரை வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

கலா முகத்தைத் துடைத்துக்கொண்டு என் முன்னாலேயே போனை எடுத்தாள்.

"நான்தான். சண்ட போடக் கூப்புடல. ஏழரைக்குக் குத்துறாக. ஒங்களுக்கு அஞ்சு மணி. தலைக்குக் குளிச்சு வேட்டி கட்டிட்டு வீடியோவுல வாங்க. கைலியோட வந்தீங்க, கட் பண்ணிருவேன்."

போன வாரம் குத்தினோம். உங்கள் அண்ணன் மகன் மடியில் பையன் உட்கார்ந்திருந்தான். கலாவின் கையில் இருந்த போனில் உங்கள் மருமகன் பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அறைக்காரர்கள் நாலு பேர், அவர்களும் குளித்து முழுகி, வரிசையாக. பையன் கத்திய கத்தலுக்கு அந்த ஐந்து பேரும் சேர்ந்து கத்தினார்கள். ஆசாரி பயந்துபோனார்.

பிறகு போட்டோவுக்கு நின்றோம். கலா பிள்ளையை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் வந்து நின்ற உங்கள் அண்ணனைக் கையால் தடுத்தாள். "பெரியப்பா, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிக்குங்க. இது இவன் அப்பா நிக்கிற எடம்."

"நடுவுல காலியா இருந்தா நல்லா இருக்காதும்மா" என்றார் போட்டோக்காரர்.

"இருக்கட்டும்ண்ணே. எங்க மாமா பாத்துக்குவாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது மச்சான். அன்றைக்கு உங்களுக்கென்று ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சம்பாதித்து அனுப்பியவர் நீங்கள், நடுவில் இருந்து சிரித்தவர்கள் நாங்கள். உங்களை மரத்தடி ஓரத்தில் ஒட்டினோம்.

கடைக்கு வந்ததும் உங்கள் படத்தைத்தான் முதலில் திறந்தேன். ஆசாரியைக் கொஞ்சம் நகர்த்தினேன், அக்காவுக்கும் எனக்கும் நடுவில் உங்களைக் கொண்டுவந்து நிறுத்தினேன். நேற்று பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு திருமயம் போனேன். அக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இப்பத்தான்டா சரியான எடத்துல நிக்கிறாரு" என்றாள்.

படத்தை அவளே வாங்கி ஆணியில் மாட்டினாள். எனக்குக் காப்பி போடக்கூட மறந்துவிட்டாள்.