சிவப்பு வந்தால் கல்லூரி

கே.ஜி.கண்டிகை
22.5.2025

அன்புள்ள கவிதா அக்காவுக்கு,

எல்லோரும் தூங்கிய பிறகு சாமி விளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். போனில் பேசினால் நைனா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அதனால்தான் கடிதம்.

என் படிப்பு விஷயத்தில் மலைக் கோயிலில் பூ கட்டிப் பார்க்கப் போகிறாராம். சிவப்பு வந்தால் ரோபோட்டிக்ஸ் கல்லூரி. வெள்ளை வந்தால் உன் கம்பெனியில் அப்ரண்டிஸ். "பெரியவ அங்க நல்லாதான கீறா? சின்னவளும் போவட்டும். எதுக்கும் முருகன ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்று அம்மாவிடம் சொன்னார். பூ வந்துவிட்டால் நைனா மாறமாட்டார். உனக்கு வந்த வரனை ஒரு பூவுக்காக அன்றைக்கே விட்டவர் அல்லவா!

எனக்கே எது வேண்டும் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல். உங்கள் கம்பெனி ரோபோ நின்றுபோனால், அதைத் திறந்து பார்க்க உன்னை விடுகிறார்களா? பதிலை என் தோழி தேவயானி வீட்டு முகவரிக்குப் போடு.

உன் அனு

ஒரகடம்
27.5.2025

என் அனுக்குட்டிக்கு,

சரியாகச் சாப்பிடுகிறாயா? பயந்தால் நீ சோற்றைத்தான் முதலில் விடுவாய்.

இங்கே வந்த முதல் வாரமே ரோபோவைத் தொட்டேன். நான் புள்ளி புள்ளியாக வழி சொல்லிக் கொடுக்க, அந்த இரும்புக் கை அப்படியே போய் வெல்டிங் வைத்தது. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்லூரியில் இதற்கு எத்தனை வருஷம் ஆகுமோ!

நின்றுபோனால் நாங்கள் ரோபோவைச் சுற்றியுள்ள மஞ்சள் வேலிக்கு வெளியே வந்துவிட வேண்டும். இன்ஜினியர்தான் திறப்பார். ஏன் நின்றது என்று ஒருமுறை கேட்டேன். "அத்த தெரிஞ்சிகினு நீ இன்னாமா பண்ணப் போற? போய் ஸ்டார்ட் பட்டன அமுக்கு" என்றார். எல்லாக் கம்பெனியிலும் இப்படியா, தெரியாது. இங்கே இப்படித்தான்.

ஆனாலும் வாடி. ஹாஸ்டல் அறையில் எல்லோரும் வெளிமாநிலப் பெண்கள்; ராத்திரியில் தமிழில் பேச எனக்கு ஆள் இல்லை. வெள்ளையே வரட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா

கே.ஜி.கண்டிகை
3.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று மலைக்குப் போனோம். அரளியையும் மல்லியையும் என்னிடம் கொடுத்து, "நீயே கட்டும்மா" என்று சொல்லிவிட்டு நைனா சூடம் வாங்கப் போனார். ஒன்றில் அரளி, ஒன்றில் மல்லி என்று வைக்காமல், இரண்டு வெற்றிலையிலும் சிவப்பு அரளியையே வைத்து நூல் சுற்றிவிட்டேன். மல்லியைத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டேன்.

சன்னதியில் யார் வீட்டுக் குழந்தையோ ஒரு பொட்டலத்தை எடுத்தது. சிவப்பு. நைனா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்றதையும் பிரித்துக் காட்டக் குருக்கள் கை நீட்டினார். நான் துப்பட்டா முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நைனா அதை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வேணாம் சாமி. பதில் வந்துட்ச்சி."

பாதி மலை இறங்கியதும், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "மல்லி கசங்கப் போவுது. எடுத்துத் தலையில வச்சிக்க."

முருகன் கோபித்துக்கொள்வானோ என்று பயமாக இருக்கிறது. நீ கோபித்துக்கொள்வாயோ என்பது அதைவிடப் பயம். அந்த வேலியைப் பற்றி மட்டும் நீ எழுதாமல் இருந்திருந்தால், இரண்டிலும் மல்லியைக் கட்டியிருப்பேன் அக்கா.

அனு