அப்பாவின் புருவ முடி

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை அம்மா கத்தினால்தானா? நான் நலம். ஆனால் நேற்று எங்கள் ஆய்வகத்தில் ஒரு அநியாயம் நடந்துவிட்டது.

எங்கள் ஆராய்ச்சிப் புழு ஒரு கமா அளவுதான். உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால், உள்ளே நரம்புக்கு வயதாவதை உயிரோடே பார்க்கலாம். அதைக் காயப்படுத்தாமல் ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்ற, குச்சி நுனியில் ஒட்டிய புருவ முடிதான் கருவி. கிளம்பும்போது நீங்கள் அலற அலறப் பிடுங்கினேனே, அந்த முடி!

எங்கள் சீனியருக்குப் பட்டப்பெயரே 'துடைப்பம்'. மேசையைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்தக் குச்சியைக் குப்பையில் போட்டுவிட்டார். கேட்டால், "ஒரு முடிதானேம்மா, இதுக்கா இவ்வளவு சத்தம்? யார் முடியா இருந்தா என்ன?" என்கிறார்.

"அப்போ உங்க புருவத்தைக் காட்டுங்க சார்" என்று இடுக்கியோடு போனேன். மனுஷர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டார். நரம்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவருக்கு அது வெறும் முடியில்லை என்றுகூடப் புரியவில்லை!

கவலைப்படாதீர்கள், வேலை நிற்கவில்லை. என் முடியை ஒட்டிப் பார்த்தேன், மெலிசு, வளைகிறது. எனக்கு அடுத்து அனுப்பும் மருந்துப் பார்சலில் உங்கள் புருவ முடி இரண்டு வைத்துவிடுங்கள். அம்மாவே பிடுங்கட்டும், நீங்கள் வலிக்குப் பயந்து சீப்பிலிருந்து எடுத்துவிடுவீர்கள்.

வேலைக்கு ஒன்று போதும். இன்னொன்று எதற்கு என்று அம்மா கேட்டால், சும்மாதான் என்று சொல்லிவிடுங்கள்.

புழுக்களுக்குத் தட்டு மாற்ற நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்