வினாத்தாள் வரைபடத்துக்கு வண்ணம் கேட்டு

அனுப்புநர்:
ச. சந்தனமேரி,
ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியை,
ஆவூர், புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
புதுக்கோட்டை.

பொருள்: எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் வண்ண அச்சுக்கு அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. காலாண்டுத் தேர்வில் ஏழாம் வகுப்புக்கு ஒரு வரைபடம் கொடுத்து, பச்சை நிறப் பகுதியில் விளையும் பயிர் எது என்று கேட்டிருந்தார்கள். வினாத்தாளோ கறுப்பு வெள்ளை நகல். இனியா என்ற மாணவி, "பச்சை நிறப் பகுதி இல்லை" என்று எழுதினாள். மதிப்பெண் பூஜ்யம். வினாத்தாளை என்னிடம் கொண்டுவந்து, "கறுப்பு, வெளுத்த கறுப்பு, அதைவிட வெளுத்த கறுப்பு. இதுல பச்சை எங்கிட்டு இருக்கு டீச்சர்?" என்றாள். எனக்கும் தெரியவில்லை.

2. நான் 1987இல் இந்தப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது சைக்ளோஸ்டைலில் உருட்டி எடுத்த ஒற்றை நிறத் தாள்தான். வெள்ளி மதியம் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரைபடங்களுக்குக் கலர் பென்சில் தீட்டுவோம். பெஞ்சுக்கு ஒரு படம். கண்ணாடி உறையில் போட்டு வைத்தால் அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கும் ஆகும். என் கையைப் பார்த்து அன்புமொழி டீச்சர், "என்னங்க, நாத்து நட்டுட்டு நேரா பள்ளிக்கூடம் வந்துட்டீங்களா?" என்று கேலி செய்வார். சோறு சாப்பிடும்போதும் அந்தப் பச்சை கையில் ஒட்டியிருக்கும்.

3. இப்போது பள்ளியில் கலர் பிரிண்டர் இருக்கிறது. வண்ணத்துக்கு மட்டும் பூட்டு. அதற்குக் காரணம் நான்தான் என்பதை மறைக்கக் கூடாது. 2023 மே மாதம் என் பணி நிறைவு விழாவுக்கு, என் படம் போட்ட வாழ்த்து மடலை அதிலேயே அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தார்கள். நானும் மகிழ்ந்து பத்து வாங்கிக்கொண்டேன். பிள்ளைகளுக்கென்று இருந்த மை அன்றே தீர்ந்தது. தணிக்கையில் கேள்வி வந்ததும் தலைமையாசிரியர் வண்ண அச்சைக் கடவுச்சொல் போட்டு நிறுத்திவிட்டார். கேட்டால், "மேலிடத்துலேர்ந்து ஒரு கடிதம் வரட்டுங்க டீச்சர், அன்னிக்கே தொறந்து விட்டுருவேன்" என்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

4. ஆளுக்கொரு வண்ணத் தாள் கேட்கவில்லை. கேள்விகள் கறுப்பு வெள்ளையிலேயே இருக்கட்டும். நிறம் பார்த்து விடை எழுத வேண்டிய படத்தை மட்டும் பெஞ்சுக்கு ஒன்றாக வண்ணத்தில் எடுத்தால் போதும். உறையில் போட்டுப் பத்திரப்படுத்தும் வேலையை நானே வந்து செய்கிறேன்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. அதற்குள் தலைமையாசிரியருக்கு அனுமதிக் கடிதம் அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அப்படியே இனியாவின் விடைத்தாளையும் ஒருமுறை வரவழைத்துப் பாருங்கள் ஐயா. அவள் கையில் கொடுத்த தாளுக்கு அவள் எழுதியது சரியான விடை. அந்த மதிப்பெண்ணை அவளுக்குக் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ச. சந்தனமேரி

இடம்: ஆவூர்
நாள்: 14.11.2025