ஜாவாவைத் திருப்பிக் காட்டப் போன அண்ணனுக்கு

எத்தனை முறை கழுவினாலும் கிரீஸ் போகாத கையோடு கல்லறைக்குப் போன என் செல்ல அண்ணே,

நீ போன பிறகு நான் அடங்கிவிட்டேன் என்று அம்மா பங்குச் சாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். நம்பாதே. நேற்று ஷெட்டில் உன் புல்லட்டின் துருப்பிடித்த போல்ட் ஒன்று அசைய மறுத்தது. சுத்தியலால் போட்ட போட்டில் பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் சிதறி ஓடின. அதைத் தங்கராசு மண்டை என்று நினைத்துத்தான் அடித்தேன்.

உன்னைக் கொன்ற அந்தத் தங்கராசு ஜாமீனில் வந்துவிட்டான். ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பரோட்டா தின்கிறானாம். வலது மணிக்கட்டு இன்னும் கோணலாகத்தான் இருக்கிறதாம். அதைக் கேட்ட அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

மாட்டுக்கொட்டகையில் கோழி அடைந்து கிடக்கும் பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கிவந்து, ஞாயிறு பூசை முடிந்ததும் பிரித்துப் போட்டு, ஓடவைத்து ஊர் சுற்றுவது நம் இருவருக்கும் பைத்தியம். ஓடத் தொடங்கியதும் நீ ஒன்று செய்வாய். வாங்கிய வீட்டு வாசலுக்கே கொண்டுபோய், அவர்கள் கேட்க ஒருமுறை ஆக்சிலேட்டரை முறுக்கிக் காட்டுவாய். "வித்தவுங்க காதுல சத்தம் விழணும் பாப்பா. அப்பத்தான் வண்டி நம்மளுது" என்பாய். கொத்தனார் ஒருவர் தன் ராஜ்தூத் சத்தம் கேட்டு அழுதுவிட்டு நமக்குக் காபி போட்டுக் கொடுத்தார். எல்லா வாசலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாய்.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் நமக்கு ஜாவாவை விற்றது, புருஷனை இழந்த செல்வி அக்கா. அந்தப் புருஷனின் தம்பிதான் தங்கராசு. அண்ணன் வண்டி தனக்குத்தான் என்று அவன் சொல்லித் திரிந்தது நமக்குத் தெரியாது. அக்கா சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

ஜாவாவை அக்கா வாசலுக்குக் கொண்டுபோன அன்று, அதில் நீ முன்னால், புல்லட்டில் நான் பின்னால். அக்கா வெளியே வந்ததும் மரியாதைக்கு ஹெல்மெட்டைக் கழற்றினாய். ஏன் கழற்றினாய்? அப்புறம் முறுக்கினாய். அந்த ஊரில் ஜாவா என்றால் அது ஒன்றுதான். கொல்லையிலிருந்து தங்கராசு ஓடிவந்தான், கையில் இரும்புக் குழாய்.

"எங்கண்ணன் வண்டிய எவன்டா ஓட்டுறது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாய். அதற்குள் உன் தலையில் இறக்கிவிட்டான். வண்டியோடு சாய்ந்தாய். அவன் மறுபடி ஓங்கினான். டூல்ஸ் பையிலிருந்த பெரிய ஸ்பேனர் என் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாது. அவன் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்தது என் கைக்கே தெரிந்தது. அவன் சுருண்டு விழுந்தான். அடுத்ததை அவன் மண்டைக்கு ஓங்கினேன்.

அப்போதுதான் நீ பேசினாய்.

"பாப்பா, பெட்ரோல மூடு."

சாய்ந்து கிடந்த வண்டியிலிருந்து பெட்ரோல் வழிந்து, வாசலோரம் எரிந்துகொண்டிருந்த வெந்நீர் அடுப்பை நோக்கி ஓடியது. ஸ்பேனரைப் போட்டுவிட்டுக் குனிந்து பெட்ரோல் டேப்பை மூடினேன். நிமிர்ந்தபோது உனக்கு உயிர் இல்லை. தங்கராசை அதற்குள் சனம் அமுக்கிப் பிடித்திருந்தது.

வண்டிக்காகச் சொன்னாயா? அந்த வீட்டுக்காகவா? இல்லை, ஓங்கிய என் கையைப் பார்த்துவிட்டா?

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. போன வாரம் குளத்தூரில் யாரோ ஒருவன் ஜாவாவில் போனான். அதே சத்தம். புல்லட்டைத் திருப்பி, விரட்டி, மடக்கி, அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். "என்னக்கா, ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று நடுங்கினான். சட்டையை விட்டேன். தங்கராசுக்கும் அன்று இப்படித்தான் இருந்திருக்கும், அவன் காதிலும் விழுந்தது செத்துப்போன அண்ணன் சத்தம்தானே. அது எனக்குப் புரிந்து தொலைத்ததற்காக என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிப்பெல்லாம் கிடையாது.

தங்கராசுமேல் கொலை வழக்கு. அவன் கையை உடைத்ததாக என்மேல் ஒரு வழக்கு. நாம் பார்த்துப் பார்த்துப் பெயிண்ட் அடித்த ஜாவா, சாட்சிப் பொருளாகப் போலீஸ் ஸ்டேஷன் மழையில் நனைந்து மறுபடி துருவேறுகிறது.

தங்கராசின் மாமா சமாதானம் பேச வந்தார்.

"அடிச்சது யாருன்னு சரியாத் தெரியலன்னு கோர்ட்ல சொல்லிருங்கம்மா. ஒங்க மேல உள்ள கேஸ நாங்க வாபஸ் வாங்கிக்கிறோம். கேஸு இருந்தா ஒங்க பள்ளிக்கூடத்து வேல போயிரும், கெடுத்துக்கிறாதீங்க."

"எந்திரிச்சு வெளிய போங்க."

"பொம்பளப் புள்ளைக்கு இம்புட்டு ஆகாதும்மா."

அவர் எழுந்தாரோ இல்லையோ, நான் நாற்காலியை உதைத்ததில் அது வாசல்வரை போய் விழுந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா, தெரியவில்லை.

என் வக்கீலும் தன் பங்குக்கு, "அவன் கீழ விழுந்துதான் கை ஒடஞ்சதுன்னு சொல்லுங்க. அடிச்சேன்னு ஒத்துக்கிட்டா வேல போயிரும்" என்கிறார். நான் ஒரு பொய் சொல்லி மாட்டினால், அவன் உன்னை அடித்ததும் பொய்யாகிவிடும். அதைவிட, உனக்காக என்னால் செய்ய முடிந்தது அந்த ஓர் அடிதான். அதை நடக்காததாக்க எனக்கு மனசில்லை.

வரும் திங்கட்கிழமை என் சாட்சி. சத்தியமாகச் சொல்கிறேன், அண்ணே. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவன் அடித்ததையும் சொல்வேன், நான் அடித்ததையும் சொல்வேன். வேலை போனால் போகட்டும். இன்னொரு அடி விழுந்திருந்தால் செத்திருப்பான், அதைத் தடுத்தது சாகக் கிடந்த என் அண்ணன் என்றும் சொல்வேன். யாரைக் கொன்றோம் என்று அவன் தெரிந்துகொள்ளட்டும்.

உன்னுடைய அடங்காத தங்கச்சி,
ரெஜினா