சீட்டில் குறையில்லை

4-6-1983
கிளிஞ்சல்மேடு ரவுண்டு. மணல் ரோட்டில் மிதித்துத் திரும்பினால், வாசலில் சைக்கிளை விட்டு இறங்க முடியவில்லை. முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐம்பத்துமூன்று வயது, தொண்ணூறு கிலோ. தோல் சீட்டு வெயிலில் காய்ந்து பலகையாகிவிட்டது. வெள்ளைச் சேலையில் ரத்தக் கறை. உரசித் தோல் போயிருக்கும்.

மீன் விற்கும் மாரிக்கண்ணு கேலி செய்தாள்: “நர்சம்மா ஏறுனா சைக்கிளு அழுவுதுங்க.” சிரித்து வைத்தேன். அழாத குறை எனக்குத்தான்.

7-6-1983
சேக் அலாவுதீன் பாய் சைக்கிள் கடையில் புது சீட்டு, ஸ்பிரிங் வைத்தது. “எங்கங்க வலிக்குது?” என்று கேட்டுவிட்டு அவரே கூசித் தலையைக் குனிந்துகொண்டார். ஊருக்கெல்லாம் பிரசவம் பார்க்கிறவள், எனக்கும் வாய் வரவில்லை. “பொதுவா வலிக்குது பாய்” என்றேன்.

11-6-1983
ஸ்பிரிங் தூக்கித் தூக்கிப் போடுகிறது, சனியன். மறுபடியும் கறை.

17-6-1983
மாங்கனித் திருவிழாவுக்குக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. தங்கை அல்லி காலையிலேயே பிடித்துக்கொண்டாள். “ஆஸ்பத்திரியிலயே வேலை பாக்குற. டாக்டர்ட்ட காட்டுனா என்னக்கா?”

காட்டினால்? வயதாகிவிட்டது, இனி ஆபீசில் உட்காருங்கள் என்பார். சைக்கிளைப் பிடுங்கிவிட்டால் அப்புறம் நான் யார்? குரும்பகரத்து ராசாத்திக்கு ஆடியில் பிரசவம். நான்தான் பார்க்க வேண்டும். இன்னொரு சீட்டு வாங்கிக்கொள்கிறேன்.

20-6-1983
பாய் என்னைத் தன் வீட்டுக்கு அனுப்பினார். அவர் சொல்லிவைத்தபடி மனைவி மஹ்பூபா தாம்பாளத்தில் ஈர மணலைப் பரப்பி, துணி போட்டு, “உக்காருங்கக்கா” என்றாள். அவளுக்குப் பிரசவம் பார்த்த என்னை மணலில் உட்கார வைத்துவிட்டாள்! எழுந்து பார்த்தால் இரண்டு பக்கமும் எலும்பு பதிந்த குழி. அந்த அகலத்துக்குச் சீட்டு செய்து தருவாராம்.

துணியை எடுத்தவள் அதில் இருந்த கறையைப் பார்த்துவிட்டாள்.

“இன்னும் தூரம் நிக்கலையாக்கா?”

“நிக்கலை.”

நின்று மூன்று வருடமாகிறது. அந்தப் பெண்ணிடம் எதற்குப் பொய்?

29-6-1983
அகலச் சீட்டு வந்தது. குரும்பகரம் போய் வந்தேன். வலியே இல்லை, மெத்தை மாதிரி இருக்கிறது. பாய்க்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

சாயங்காலம் சேலை மாற்றினேன். கறை.

கதவைச் சாத்திக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தோல் எங்கும் உரியவில்லை. எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா — முதல் நாளே தெரியும். “தூரம் நின்னதுக்கப்புறம் ரத்தம் பட்டா மறைக்காம சொல்லணும்”னு எத்தனை பொம்பளைங்கள அதட்டியிருக்கேன். நானே சீட்டு சீட்டுன்னு கடைக்கும் வீட்டுக்குமா அலைஞ்சிருக்கேனே, பாவி!

30-6-1983
டாக்டரிடம் சொன்னேன். பரிசோதித்துவிட்டு, “நாளைக்கே பாண்டிச்சேரி போங்கம்மா” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

9-8-1983
ராசாத்திக்கு ஆண் குழந்தையாம். புது நர்சு பார்த்தாளாம். நல்லபடியாக இருக்கட்டும்.

14-8-1983
பாண்டிச்சேரி. புற்றுக்குக் கரண்டு வைத்த இடம் எரிகிறது. பெரிய டாக்டர் வந்தார். “சாப்பிடுறீங்களாம்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அல்லியை வெளியே கூப்பிட்டார்.

வீட்டு ஆளை நானும் அப்படி எத்தனையோ முறை வெளியே கூப்பிட்டிருக்கிறேன். நல்ல சேதியென்றால் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று சொல்லிவிடுவோம்.

அல்லி முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“ஒண்ணுமில்லையாம்க்கா. சீக்கிரம் வீட்டுக்குப் போவலாம்னாரு.”

“அப்படியா, சரி” என்றேன். தலை வாரிவிடச் சொன்னேன். பின்னால் நின்று வாரினாள், வெகு நேரம்.